பெர்சியன் பூனைக்கு இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டி: குட்டி வாங்கியவர்களிடம் சொல்ல வேண்டுமா?

பூந்திஅம்மா | மார்ச் 3, இரவு 10.40

எங்கள் பூந்திக்கு ஆறு வயது. வெள்ளை பெர்சியன், டால் ஃபேஸ், அதாவது மூக்கு தட்டையாகாத முகம். இரண்டு மாதமாகத் தண்ணீர் அதிகம் குடித்தாள். வெயில் தொடங்கிவிட்டது, அதனால்தான் என்று இருந்துவிட்டேன். மணல் தட்டில் சிறுநீர் பட்டு உறைந்த மணல் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போயின. தினமும் அள்ளியது நான்தான், இருந்தும் உறைக்கவில்லை. போன ஞாயிறு குளிப்பாட்டும்போது முடி நனைந்து உடம்போடு ஒட்டியது. முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம் போலத் தெரிந்தது. எடை போட்டால் 2.9 கிலோ. போன வருடம் தடுப்பூசிக்குப் போனபோது 3.7.

மருத்துவர் வயிற்றை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் விரல்களைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். வழவழவென்று இருக்க வேண்டிய சிறுநீரகம் சீத்தாப்பழத் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. வயிற்று முடியை மழித்து ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் பணியாரக்கல் மாதிரி வட்ட வட்டமாகக் கறுப்புக் குழிகள், இரண்டு பக்கமும். பெரியது 1.4 சென்டிமீட்டர். சிறுநீரகம் கழிவை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 3.4. பி.கே.டி. (பாலிசிஸ்டிக் கிட்னி டிசீஸ்), பரம்பரையாக வருவது, குணமாக்க மருந்து இல்லை என்றார்.

எனக்கு இரண்டு கேள்விகள். நெத்திலிக் கருவாடு என்றால் அவளுக்கு உயிர். நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அதனால் வந்ததா?

இரண்டாவதுதான் தூங்கவிடவில்லை. நான்கு வருடத்துக்கு முன் அவள் ஒரே ஒரு முறை குட்டி போட்டாள். மூன்று குட்டிகள். லட்டு தஞ்சாவூரில் என் அக்கா வீட்டில் இருக்கிறான். இன்னொருவனை அலுவலகத் தோழி எடுத்துக்கொண்டாள். பெண் குட்டி கரூரில் ஒரு குடும்பத்துக்குப் போனாள். மூன்று வீட்டிலும் இது தெரியாது. சொல்லட்டுமா? சொல்லி என்ன பயன்?

மழைக்கால் | மார்ச் 3, இரவு 11.15

அக்கா, படிக்கும்போதே கை நடுங்கியது. எங்கள் வீட்டில் இருந்தவனும் பெர்சியன்தான், எட்டு வயதில் சிறுநீரகம் போய்த்தான் இறந்தான். ஸ்கேன் எடுக்கவில்லை, அதனால் இதுதானா என்று இன்றுவரை தெரியாது. டாக்டர் யாராவது பார்த்தால் பதில் சொல்லுங்கள்.

வேப்பேரி_பழையமாணவி | மார்ச் 4, காலை 6.50

கால்நடை மருத்துவம் படித்து, பூனைகளே அதிகம் வரும் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். பூந்தியைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. நான் நோயைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. கருவாட்டால் வரவில்லை, நீங்கள் செய்த எதனாலும் வரவில்லை. இந்தக் கட்டிகள் அவள் பிறக்கும்போதே இருந்தவை. அப்போது மிகச் சிறியவையாக இருந்திருக்கும். அவள் வளர வளர அவையும் வளர்ந்தன. ஒவ்வொன்றும் நீர் நிறைந்த ஒரு பை. பக்கத்தில் உள்ள நல்ல திசுவை நெருக்கி நெருக்கி வேலை செய்யவிடாமல் ஆக்கிவிடும். சிறுநீரகத்துக்குக் கையிருப்பு அதிகம் என்பதால் ஏறக்குறைய முக்கால் பங்கு வீணாகும்வரை கிரியாட்டினின் ஏறாது. அதுவரை பூனை ஓடும், தாவும், குட்டியும் போடும். சராசரியாக ஏழு வயதை ஒட்டித்தான் வெளியே தெரியும். பூந்தி இரண்டு வயதில் குட்டி போட்டபோது உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வழியே இல்லை.

1990-ல் அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ஒரே பெர்சியன் குடும்பத்தில் இது தொடர்வதை எழுதினார்கள். 2004-ல் டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லெஸ்லி லயன்ஸ் குழு காரணத்தைப் பிடித்தது. பி.கே.டி.1 என்ற மரபணுவில், 29-வது எக்ஸான் என்ற துண்டில், ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. சி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அந்த ஓர் எழுத்தால் ‘இதோடு நிறுத்து’ என்ற கட்டளை பாதியில் விழுந்துவிடுகிறது. பாலிசிஸ்டின் என்ற புரதம் கடைசிக் கால் பங்கு இல்லாமல் மொட்டையாக உருவாகிறது.

இது ஓங்கு மரபணு. ஒரு பிரதி கெட்டிருந்தாலே நோய் வரும். இரண்டு பிரதியும் கெட்டிருந்தால் கரு வயிற்றிலேயே நின்றுவிடுவதாகத்தான் தெரிகிறது. ஆகவே நோயுள்ள பூனையிடம் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. குட்டிக்கு அதில் எது போகும் என்பது பூவா தலையா. மூன்று குட்டி என்றால் ஒன்றரைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு குட்டிக்கும் தனியாகக் காசு சுண்டப்படுகிறது. மூன்றுக்கும் இருக்கலாம், ஒன்றுக்குக்கூட இல்லாமலும் போகலாம்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு, அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. நோயை ஒளித்துவைத்துச் சுமக்கும் பூனை இதில் கிடையாது. பரிசோதனையில் அந்த மாற்றம் இல்லை என்று வந்தால் அந்தப் பூனையின் வழியாக அது யாருக்கும் போகாது. எத்தனையோ பரம்பரை நோய்களில் இந்த வசதி இல்லை. இதை ஒரே தலைமுறையில் ஒரு வீட்டிலிருந்து துடைத்துவிடலாம்.

பச்சைக்கண் | மார்ச் 4, காலை 9.05

டாக்டர், ஒரு சந்தேகம். நான் குட்டி வாங்கியபோது தாய், தந்தை இரண்டையும் காட்டினார்கள். இரண்டும் கொழுகொழுவென்று இருந்தன, பேப்பரும் கொடுத்தார்கள். அப்படியானால் என் பூனைக்கு வராதுதானே?

பஞ்சுமூட்டை | மார்ச் 4, காலை 11.30

இதற்கு நான் பதில் சொல்கிறேன், பதினோரு வருடமாக பெர்சியன் வளர்த்துக் குட்டி விற்பவன் என்ற முறையில்.

பேப்பர் என்பது தாத்தா பாட்டி பெயர்ப்பட்டியல். நோய் இல்லை என்ற சான்று அதில் கிடையாது. கொழுகொழு என்பதும் சான்று இல்லை. என்னிடம் ஒரு ஆண் இருந்தான், க்ரீம் நிறம், நல்ல பஞ்ச் ஃபேஸ், அதாவது தட்டை முகம். மேட்டிங்குக்கு அவனைக் கேட்டு வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். நான்கு வயதில் கம்பீரமாக இருந்தான். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் கன்னத்தில் தேய்த்து எடுத்த மாதிரியை அங்கே உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இருக்கிறது என்று வந்தது. அன்று இரவு அவன் வழக்கம்போல என் வயிற்றின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். அவனுடைய குட்டிகளை நோட்டில் எண்ணினேன். நான் விற்றது மட்டும் 19. மேட்டிங்குக்கு அனுப்பியதில் பிறந்தவை எத்தனையோ.

மறுவாரம் கருத்தடை செய்துவிட்டேன். 19 பேரையும் கூப்பிட்டேன். சிலர் திட்டினார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. சிலர் எண்ணை மாற்றியிருந்தார்கள். இருவர் நன்றி சொன்னார்கள். நம் ஊரில் குட்டி வாங்குகிறவர்கள் டால் ஃபேஸா, செமி பஞ்சா, முடி எத்தனை கோட் என்றுதான் கேட்கிறார்கள். ‘அம்மா அப்பாவுக்கு பி.கே.டி. ரிசல்ட் காட்டுங்கள்’ என்று இதுவரை என்னிடம் கேட்டவர் மூன்று பேர். வாங்குகிறவர் கேட்டால்தான் விற்கிறவர் எடுப்பார்.

பூந்திஅம்மா, சொல்லுங்கள். மூன்று பேரிடமும் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை | மார்ச் 4, மதியம் 2.20

என் கருத்து வேறு. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குணப்படுத்த மருந்து இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். நான்கு வயதுப் பூனை சந்தோஷமாக விளையாடிக்கொண்டிருக்கும் வீட்டில் போய், இதற்கு இப்படி ஒரு நோய் இருக்கலாம் என்று சொன்னால் அந்தக் குடும்பத்தின் நிம்மதிதான் போகும். தினமும் அதன் தண்ணீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கையில் தீர்வு இல்லாத செய்தியைக் கொண்டுபோய்க் கொடுப்பது எப்படி நல்லதாகும்?

வேப்பேரி_பழையமாணவி | மார்ச் 4, இரவு 9.10

ஆற்றங்கரை, நீங்கள் அக்கறையோடுதான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் கட்டியைக் கரைக்க மருந்து இல்லை என்பதும், செய்ய ஒன்றுமில்லை என்பதும் ஒன்றல்ல.

சிறுநீரகம் கெடும் பூனைகளில் பலவற்றுக்கு ரத்த அழுத்தம் ஏறும். கவனிக்காமல் விட்டால் விழித்திரை பிய்ந்து ஒரே இரவில் கண் தெரியாமல் போய்விடும். காலையில் பூனை சுவரில் முட்டுகிறது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். முன்பே அளந்து மாத்திரை தொடங்கியிருந்தால் அந்தக் கண் இருந்திருக்கும். கால் அடிபட்டால் வலி மாத்திரை, பல் எடுக்க மயக்க மருந்து, இரண்டிலும் சிறுநீரகத்தின் நிலை தெரிந்திருந்தால் நாங்கள் வேறு மாதிரி கொடுப்போம். எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை கிரியாட்டினினுக்கு முன்பே காட்டிக்கொடுக்கும். பாஸ்பரஸ் குறைந்த உணவை நேரத்தோடு தொடங்கினால் பூனைக்குக் கூடுதல் காலம் கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல், கரூரில் இருப்பது பெண். கருத்தடை ஆகியிருக்கிறதா?

பூந்திஅம்மா | மார்ச் 4, இரவு 9.40

தெரியவில்லை டாக்டர். நான் கேட்டதே இல்லை.

தென்காசிச்சாரல் | மார்ச் 5, காலை 7.30

நெருஞ்சில், மூக்கிரட்டை, சிறுபீளை மூன்றையும் கஷாயம் வைத்து என் மாமாவுக்குக் கொடுத்தோம், சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. பூனைக்கு ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்க்கலாமே? மூலிகைதானே, கெடுதல் வராது.

வேப்பேரி_பழையமாணவி | மார்ச் 5, காலை 8.15

தயவுசெய்து வேண்டாம். மனிதருக்கு என்ன செய்யும் என்பதை வைத்துப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. பல பொருள்களை முறித்து வெளியேற்றும் ஒரு வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடும். நெருஞ்சிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதிகம் மேய்ந்த செம்மறி ஆடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்டதும் முகம் வீங்கிப் புண்ணாவது தென்னாப்பிரிக்காவில் நன்கு தெரிந்த நோய். ஏற்கெனவே முக்கால் சிறுநீரகம் போன பூனையிடம் சோதித்துப் பார்க்க நமக்கு இடமே இல்லை.

இதே மூச்சில் இன்னொன்று: பூங்கொத்தில் வரும் லில்லிப் பூ வீட்டுக்குள் வேண்டாம். அதன் மகரந்தம் முடியில் பட்டு நக்கினாலே நல்ல சிறுநீரகமும் போய்விடும்.

நடுவீதி | மார்ச் 5, இரவு 8.50

நான் பூனைக்காக மட்டும் எழுத வரவில்லை. என் அப்பாவுக்கு இதே நோய். மனிதருக்கு வருவது, பெரும்பாலானவர்களுக்கு அதே பி.கே.டி.1 மரபணுவில்தான். அவருக்கு 52 வயதில் சிறுநீரகம் நின்றுவிட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். என் அண்ணனுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. பூவா தலையா என்று டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அந்தக் காசு இரண்டு முறை சுண்டப்பட்டது.

ஆற்றங்கரை கேட்டதற்கு எங்கள் வீட்டு அனுபவம் இதுதான். தாத்தா ‘மூத்திரக் கோளாறு’ என்று இறந்தார், யாரும் பெயர் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தபோது ரொம்பத் தாமதம். அண்ணனுக்கு 26 வயதில் ஸ்கேனில் தெரிந்தது. இன்று 38. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறான், வேலைக்குப் போகிறான். தெரிந்த நாளில் அழுதான், உண்மைதான். ஆனால் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று இன்றுவரை சொன்னதில்லை.

பூனையிடமிருந்து மனிதருக்குத் தொற்றுமா என்று யாராவது பயந்தால், தொற்றாது. அது அதனுடைய பரம்பரை, இது எங்களுடைய பரம்பரை.

ஆற்றங்கரை | மார்ச் 5, இரவு 9.30

நடுவீதி, உங்கள் அண்ணன் நன்றாக இருக்கட்டும். நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பூந்திஅம்மா, சொல்லிவிடுங்கள்.

பூந்திஅம்மா | மார்ச் 8, மாலை 6.00

முதலில் பூந்தியைப் பற்றி. மூன்று நாள் கிளினிக்கில் வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். கிரியாட்டினின் 2.9-க்கு இறங்கியது. சிறுநீரக நோயை நான்கு நிலையாகப் பிரிக்கும் ஐரிஸ் கணக்கில் மூன்றாம் நிலையின் தொடக்கம் என்கிறார் மருத்துவர். ரத்த அழுத்தம் 175, மாத்திரை தொடங்கியாயிற்று. இனி இரண்டு நாளுக்கு ஒரு முறை நானே வீட்டில் தோலுக்கு அடியில் ஏற்ற வேண்டுமாம். கிளினிக்கில் செய்து காட்டினார்கள், ஆனால் ஊசியைப் பார்த்தாலே எனக்குக் கை ஓடவில்லை. யாராவது வீட்டில் செய்கிறீர்களா?

மூன்றுமாடி | மார்ச் 8, இரவு 7.45

இரண்டரை வருடம் செய்தேன். எங்கள் முத்துவுக்கு வயதான சிறுநீரக நோய், உங்களுடையது வேறு, ஆனால் ஊசி ஒன்றுதான்.

கடையில் ‘குளுக்கோஸ் பாட்டில்’ என்று கேட்காதீர்கள். நம் ஊரில் எல்லா டிரிப்ஸுக்கும் அந்தப் பெயர்தான், அவர்களும் உண்மையான குளுக்கோஸையே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதைத் தோலுக்கு அடியில் ஏற்றக் கூடாது. மருத்துவர் எழுதியதைச் சீட்டோடு காட்டுங்கள், பெரும்பாலும் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர்) தான் எழுதுவார்கள்.

பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள், கையில் பட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. அப்புறம் ஜன்னல் கம்பியில் உயரமாகக் கட்டுங்கள். முத்து ஒரு பழைய துண்டின் மேல் உட்கார்ந்தால்தான் அசையமாட்டான். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அந்தக் கூடாரத்தின் வாசலில் ஊசியை நுழைக்க வேண்டும். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கும். பெர்சியனுக்கு முடி அடர்த்தி, கூடாரத்தின் மறுபக்கம் ஊசி வெளியே வந்துவிட்டால் தெரியாது, முடி ஈரமானதும்தான் தெரியும். ஒரு விரலை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் முதுகில் ஒரு வீக்கம் நிற்கும், மெல்ல ஒரு பக்கமாக இறங்கி முன்னங்காலில் தொங்கும். பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும்.

முதல் வாரம் நானும் அழுதுகொண்டேதான் செய்தேன். பத்தாவது முறை டிரிப்ஸ் ஓடும்போதே அவன் தூங்கினான்.

வேப்பேரி_பழையமாணவி | மார்ச் 8, இரவு 8.30

மூன்றுமாடி எழுதியது சரியாக இருக்கிறது. ஒன்று சேர்க்கிறேன்: அளவை மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம். மூச்சு வேகமானால் நிறுத்திவிட்டு உடனே கூப்பிடுங்கள். இதயக் கோளாறு மறைந்திருக்கும் பூனைக்கு அதிக நீர் ஆபத்து.

பச்சைக்கண் | மார்ச் 9, காலை 10.00

என் பூனைக்கு ஐந்து மாதம். ஸ்கேன் மட்டும் எடுத்தால் போதுமா, அந்தக் கன்னத்துச் சோதனையும் வேண்டுமா?

பஞ்சுமூட்டை | மார்ச் 9, மதியம் 12.15

ஐந்து மாதத்தில் ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் நம்ப முடியாது, கட்டி கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கலாம். பத்து மாதத்துக்கு மேல் நல்ல கருவி, அனுபவமுள்ள கை என்றால் பத்தில் ஒன்பது பிடித்துவிடும். மரபணுச் சோதனைக்கு வயது கிடையாது. ஆனால் கட்டி எவ்வளவு பெரிது என்பதை ஸ்கேன்தான் சொல்லும். ஒன்றுக்கு மற்றது மாற்று இல்லை.

எடுப்பது சுலபம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகட்டும். பால் குடிக்கும் குட்டி என்றால் தாயிடமிருந்து பிரித்து வைத்துவிட்டு எடுங்கள், வாயில் இருக்கும் பாலில் தாயின் செல்லும் வந்துவிடும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பிரஷை விட்டுப் பத்து விநாடி உருட்டுங்கள். எச்சில் போதாது, கன்னத்தின் உள்தோல் வர வேண்டும். காய்ந்த பிறகு காகிதக் கவரில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

பெர்சியன் மட்டும் இல்லை. எக்ஸாட்டிக், ஹிமாலயன், பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், ஸ்காட்டிஷ் ஃபோல்டு, பெர்சியன் கலந்த எல்லா இனத்திலும் இது இருக்கலாம். நம் தெருவில் நோயுள்ள பெர்சியனும் நாட்டுப்பூனையும் கலந்து பிறந்த குட்டிக்கும் பாதி வாய்ப்பு அப்படியே வரும். 2000-ஐ ஒட்டி பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரான்சிலும் பெர்சியன்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது நூற்றில் நாற்பதுக்கு மேல் கட்டி இருந்தது. அங்கே வளர்ப்பவர்கள் சோதித்துச் சோதித்துத்தான் குறைத்தார்கள்.

இவ்வளவு பூனைகளை ஒரே நாளில் ஒதுக்கினால் இனமே குறுகிவிடும் என்று அங்கே ஒரு வாதம் உண்டு. அதனால் சிலர் நோயுள்ள சிறந்த பூனையை, நோயற்ற துணையோடு ஒரே முறை சேர்த்து, சுத்தமான குட்டியை மட்டும் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே வீட்டு மாடியில் நான்கு பூனை வைத்து மேட்டிங் விடுகிற நாம் அதைச் சாக்காகச் சொல்லக் கூடாது. மீதிக் குட்டிகள் யார் வீட்டுக்குப் போகும்?

பூந்திஅம்மா | மார்ச் 30, இரவு 10.10

அக்காவிடம் அன்றே சொன்னேன். தோழியிடமும் சொன்னேன். இரண்டு பேரும் மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள், மூன்று வாரத்தில் ரிசல்ட் வந்துவிட்டது. லட்டுவுக்கு இல்லை. தோழி வீட்டுப் பையனுக்கு இருக்கிறது. தொலைபேசியில் அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அலுவலகத்தில் வந்து, அவனுக்கு ரத்த அழுத்தம் பார்க்க எந்த மருத்துவரிடம் போகலாம் என்று கேட்டாள். பாஸ்பரஸைக் குறைக்க வேண்டுமே என்று கருவாட்டை என் வீட்டிலும் அவள் வீட்டிலும் நிறுத்திவிட்டோம்.

கரூருக்குக் கூப்பிடத்தான் நாளாகிவிட்டது. எண் மாறியிருந்தது. சொந்தக்காரர் ஒருவர் மூலம் நேற்றுதான் கிடைத்தார்கள். அந்த வீட்டு அண்ணன் எடுத்தார். நான் பேர் சொன்னதும், ‘அட, நம்ம ஜிலேபி வீட்டம்மா’ என்று அவ்வளவு சந்தோஷமாகப் பேசினார். ஜிலேபி இரண்டு ஈடு குட்டி போட்டிருக்கிறாள். ஏழு குட்டிகள். மூன்றாவது முறைக்கு அடுத்த மாதம் ஆணிடம் விடலாம் என்று பேசி வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன், இருந்தும் குரல் உடைந்துவிட்டது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ரொம்ப நேரம் கழித்து, ‘ஏழையும் யார் யாருக்குக் கொடுத்தேன் என்று எனக்கு நினைவிருக்கிறதும்மா’ என்றார். மேட்டிங்கை நிறுத்திவிட்டார். முதலில் ஜிலேபிக்கு எடுக்கலாம், அவளுக்கு இல்லை என்று வந்தால் மற்ற ஏழு வீட்டுக்கும் போக வேண்டியதில்லைதானே என்று கேட்டார். சரியா டாக்டர்?

வேப்பேரி_பழையமாணவி | மார்ச் 30, இரவு 10.35

சரிதான், அந்த ஆண்பூனையின் பக்கமும் சுத்தமாக இருந்தால். இரண்டு ஈட்டுக்கும் ஒரே ஆணா என்று கேளுங்கள், அவனுக்கும் எடுக்கச் சொல்லுங்கள். பூந்தி எப்படி இருக்கிறாள்?

பூந்திஅம்மா | மார்ச் 30, இரவு 10.50

இன்று 3.1 கிலோ. மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் விரும்பிக் குடிக்கிறாள். டிரிப்ஸ் நேரத்தில் இன்னும் முறைக்கிறாள், ஆனால் ஓடுவதில்லை.

கரூர் அண்ணனுக்கு இரண்டு பூனைக்குமான பிரஷ்களையும் கவர்களையும் நாளை கூரியரில் அனுப்புகிறேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?

பஞ்சுமூட்டை | மார்ச் 30, இரவு 11.05

ஒரு பூனைக்கு எடுத்ததும் கையைக் கழுவிவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். பிரஷை உள்ளே போடுவதற்கு முன்பே கவரின் மேல் பூனையின் பெயரை எழுதிவிட வேண்டும், இரண்டு கவரும் வெள்ளையாக இருந்தால் பிறகு எது யாருடையது என்று தெரியாது. பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். ஈரம் பட்டால் மை கலைந்துவிடும்.